கைப்பையில் ஒரு தாழ்ப்பாள்

விளக்கணைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்.

எமரன்சி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். பூனையா? பூனை இப்படிக் கத்தாது. மறுபடியும் கேட்டது, நிதானமாக, நீளமாக. யாரோ துணி கிழிக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், மகள் ஜோவிட்டாவின் அறையில்.

பதின்மூன்று வயதுப் பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, இருட்டில், எதற்குத் துணியைக் கிழிக்க வேண்டும்?

எமரன்சி யோசித்தாள். யோசிக்காமலே இருந்திருக்கலாம். எழுந்து போய் மகளின் கதவோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். உள்ளே புரண்டு படுக்கிற சத்தமும் தும்மலும் விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தன. அதை வைத்துத்தான் அவள் அந்த ராத்திரியைக் கடத்தினாள்.

காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் திருப்புளியை எடுத்தாள். நாலு திருகாணி. தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அதைத் திருகாணி, திருப்புளியோடு கைப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினாள்.

குருசடிப் பாறை என்று அந்த மலைக்குப் பேர். உச்சியில் சிலுவை நட்ட ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அங்கே சலேத்தம்மா தனியாக இருக்கிறாள். முன்னே மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவள். ஏன் விட்டு வந்தாள் என்று யாராவது கேட்டால், "படி ஏற ஆசையா இருந்துச்சு" என்பாள். ஏறி வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் அவள் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமில்லை. ஆனாலும் ஏறி வருகிறார்கள்.

எமரன்சி ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறுகிறவள்.

சலேத்தம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?"

"செவ்வாய்."

"அப்ப அவசரம்தான். உக்காரு."

எமரன்சி உட்காரவில்லை.

"என் மக என்கிட்ட பேசறதில்லம்மா. போன வருஷம் வரைக்கும் கிளாஸ்ல யாரு என்ன டிபன் கொண்டு வந்தாங்கிறது வரைக்கும் ஒப்பிப்பா. இப்ப கேட்டா 'ம்'. திருப்பிக் கேட்டா 'ம்ம்'. ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுக்கல. சாப்பாடு பாதிதான். கூன் போட்டு நடக்கறா. எந்நேரமும் கதவைச் சாத்திக்கறா."

"நீ என்ன செஞ்சே?"

"எல்லாம் செஞ்சேன். பையைப் பார்த்தேன். நோட்டைப் படிச்சேன். டீச்சரைக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு வேவு பார்த்தேன். நேத்து ராத்திரி ஒரு சத்தம் கேட்டுச்சு. இன்னைக்குத் தாப்பாளைக் கழட்டிட்டேன்."

"எங்க அது?"

எமரன்சி கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள்.

சலேத்தம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"நல்ல கனம். பித்தளையா?"

"இரும்பு. மேல பூச்சு."

"ம்."

"விளையாடாதீங்கம்மா. எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அவ மனசுல என்ன இருக்குன்னு தெரியாம இன்னைக்கு நான் இந்தப் படி இறங்கமாட்டேன்."

சலேத்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு ராத்திரி முழுக்கத் தெரிந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் இங்க இரு. நான் எது செஞ்சாலும் ஏன்னு கேக்கக் கூடாது."

"சரி."

"சரின்னு நீதான் சொன்னே."

சொல்லிவிட்டுக் கைப்பையை வாங்கிப் பாயில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஜெபமாலை. திருப்புளி. நாலு திருகாணி. பஸ் டிக்கெட். தலைவலி மாத்திரை. ஒரு கொத்து ஊக்கு. பாதி தீர்ந்த உதட்டுச் சாயம்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உன் வீட்டுக்காரர் மஸ்கட்ல இல்ல இருக்காரு? இங்க யாரு பார்க்க?"

எமரன்சிக்குக் காது சூடாகிவிட்டது.

"சும்மா... எப்பவாவது..."

"போனைக் குடு."

"போன் எதுக்கு?"

"ஏன்னு கேக்கக் கூடாது."

சலேத்தம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். "அக்காவுக்கு எழுதியிருக்கே. 'அத்தை போன் பண்ணினா எனக்கு ஜுரம்னு சொல்லிரு.' உனக்கு எப்ப ஜுரம் வந்துச்சு?"

எமரன்சி போனைப் பிடுங்கப் போனாள். சரி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.

"எங்க போறே?"

"பின்னால."

"எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க?"

"நானும் வர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று உண்டு. சலேத்தம்மா கதவுக்குக் குறுக்கே காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முழுக்கச் சாத்தாதே. நான் இங்கதான் இருக்கேன்."

எமரன்சி உள்ளே போனாள்.

"ஆச்சா?"

"இல்ல."

"என்ன இவ்வளவு நேரம்?"

சலேத்தம்மா தகரத்தில் தட்டினாள்.

"உள்ள என்ன செய்யறே?"

எமரன்சி போனது போலவே வெளியே வந்தாள்.

மத்தியானம் ஆயிற்று.

"பசிக்குதா?"

"ம்."

சலேத்தம்மா இரண்டு தட்டு வைத்தாள். தன் தட்டைத் தொடாமல் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, எமரன்சி வாயில் போடுகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீரையை ஏன் ஒதுக்கறே?"

"ஒதுக்கல."

"பெருமூச்சு விட்டியே, ஏன்?"

"விடல."

"விட்டே. யாரை நினைச்சே?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம எதுக்கு மூச்சு வருது? உனக்கு நல்லதுக்குத்தான கேக்கறேன்."

"ம்."

"என்ன ம்?"

"ம்ம்."

எமரன்சி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாள். கோயிலுக்குப் பின்னால் போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்தாள். சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. சலேத்தம்மா அங்கேயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டரை மணி வாக்கில் ஆட்கள் ஏறி வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வாரமான ஜோடி ஒன்று. பின்னாலேயே, மெழுகுவர்த்தி விற்கிற ராயப்பன்.

சலேத்தம்மா எமரன்சியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"இதான் எமரன்சி. இவ மக இவகிட்ட பேசறதில்லையாம். ராத்திரி தூங்கல, காலையில சாப்பிடல. கக்கூசும் சரியாப் போகல."

"ஐயோ பாவம்" என்றது புதுப்பெண்.

"பொம்பளப் பிள்ளைன்னா அப்படித்தாம்மா" என்றான் ராயப்பன். "ஒரு போன் வாங்கிக் குடுத்துப் பாருங்க. எங்க வீட்டுல வாங்கிக் குடுத்தோம். அதுல இருந்து எங்க யார்கிட்டயும் பேசறதில்ல, ஆனா சந்தோஷமா இருக்கு."

புதுமாப்பிள்ளை சிரிப்பை அடக்கினான். எமரன்சி தரையைப் பார்த்தாள்.

"நிமிர்ந்து நில்லு" என்றாள் சலேத்தம்மா. பாயில் கிடந்த கொத்திலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள். "மாராப்பை ஒழுங்காப் போடு. எல்லாம் தெரியுது."

சொல்லிக்கொண்டே, அத்தனை பேருக்கும் முன்னால், எமரன்சியின் முந்தானையை இழுத்துத் தோளில் வைத்து ஊக்கைக் குத்தப் போனாள்.

எமரன்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஊக்கு பாறையில் விழுந்து தெறித்தது.

"தொடாதீங்க!"

ராயப்பன் மெழுகுவர்த்திக் கட்டை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நழுவினான். புது ஜோடியும் அவன் பின்னாலேயே போயிற்று.

"என்ன நினைச்சுட்டீங்க? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"இல்ல" என்றாள் சலேத்தம்மா. "சின்னப் பிள்ளையா இருந்தா என்ன செஞ்சிருப்பே?"

எமரன்சி கீழே கிடந்த ஊக்கைப் பார்த்தாள்.

தினமும் காலை ஏழே முக்காலுக்கு, பள்ளி பஸ் ஹாரன் அடிக்கும்போது, தெருவாசலில், அதே வார்த்தையைச் சொல்லி, அதே மாதிரி மகளின் துப்பட்டாவை இழுத்து இரண்டு தோளிலும் இரண்டு ஊக்கு குத்துவாள். ஜோவிட்டா அசையமாட்டாள். அவளுக்குப் பின்னால் பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள்.

எமரன்சி அதை எங்கே கற்றாள்? மடத்து விடுதியில். உள்பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும். கண்ணாடி முகத்தளவுதான். காலை மணி அடித்ததும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு இரண்டு ஊக்கு. உடம்பைப் பற்றி அவளுக்கு யாரும் நடத்திய ஒரே பாடம் அந்த இரண்டு ஊக்குதான்.

சலேத்தம்மா குனிந்து ஊக்கைப் பொறுக்கினாள்.

"பதினோரு வருஷம் விடுதியில நான் இதைக் குத்தியிருக்கேன். தினம் அறுபது பிள்ளைங்க. ஒருத்திகூட தொடாதீங்கன்னு சொன்னதில்ல."

ஊக்கை மூடித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"சத்தம் கேட்டுச்சுன்னியே. என்ன சத்தம்?"

"துணி கிழிக்கற சத்தம்."

"அதுக்கு ஏன் இப்படி வெளிறிப் போறே?"

எமரன்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு."

"வாயால சொல்லமாட்டேன்."

"மனசுல சொல்லிச் சொல்லித்தான் உக்காந்திருந்தே ராத்திரி பூரா."

எமரன்சி பாறையைப் பார்த்தபடி, பாறைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உயிரை விட்டுருவாளோன்னு."

சலேத்தம்மா இப்போது விளையாடவில்லை. எமரன்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவகிட்ட கேட்டியா?"

"எப்படிம்மா கேக்கறது? இல்லாத நினைப்பை நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"மத்தியானம் உன்னைப் பசிக்குதான்னு கேட்டேன். நான் கேட்டதாலயா பசிச்சுது?"

எமரன்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமான்னு சொல்லிட்டா?"

"கையை விடாதே. தனியா விடாதே. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. எனக்கு ஆள் அனுப்பு, இந்த முட்டியோட இறங்கி வர்றேன்."

"இல்லைன்னு சொன்னா?"

"வாயை மூடிட்டுப் பக்கத்துல நில்லு. அதுதான் கஷ்டம்."

எமரன்சி கவிழ்த்துப் போட்டதையெல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டாள். தாழ்ப்பாளையும் போட்டாள். ஊக்குக் கொத்தைப் பாயிலேயே விட்டாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"அவ மனசுல என்ன இருக்குன்னு சொல்றேன்னீங்களே. சொல்லவே இல்லையே?"

"அது தெரிஞ்ச ஆள் வேற."

"யாரு?"

"எட்டாங்கிளாஸ் படிக்குது. நாலரைக்கு பஸ்ஸ விட்டு இறங்கும். ஓடு."

அவள் ஓடினாள். முந்நூற்றுப் பத்துப் படி. செருப்பு அறுந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது கூடவேதான் இறங்கி வந்தது. ஆனால் இப்போது முன்னால் போனது அவள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜோவிட்டாவின் புத்தகப் பை கூடத்தில் கிடந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேசையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுக்கிற சத்தம்.

எமரன்சி தட்டினாள்.

"யாரு?"

"அம்மா."

"என்ன புதுசா தட்டறே?"

"தட்டணும்னுதான்."

"தள்ளினா திறந்துக்குமே. அதுக்குத்தான கழட்டினே?"

"தள்ளமாட்டேன்."

எமரன்சி நின்றாள். தள்ளிவிடு என்று கை கெஞ்சியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேசை நகர்ந்தது. கதவிடுக்கில் ஜோவிட்டா, இன்னும் யூனிஃபார்மில். மூக்கு சிவந்திருந்தது.

எமரன்சி தாழ்ப்பாளையும் நாலு திருகாணியையும் திருப்புளியையும் நீட்டினாள்.

"கழட்டினது நான்தான். தப்பு. நீயே மாட்டிக்கோ."

ஜோவிட்டா எலிப்பொறியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

"எங்க போயிருந்தே?"

"மலைக்கு."

"செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா. மாட்டறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நேராக் கேப்பேன். நீயும் நேராச் சொல்லணும்."

எமரன்சி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி நீ துணி கிழிக்கற சத்தம் கேட்டேன் ஜோவி. செத்துப் போகணும்னு நினைக்கறியா?"

ஜோவிட்டாவின் வாய் திறந்தபடி நின்றது.

"ச்சீ! லூசாம்மா நீ?"

"லூசுதான். பதில் சொல்லு."

"இல்ல." பிறகு, அம்மாவின் விரல்கள் நிலைக்கட்டையில் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு, மெதுவாக: "அப்படியெல்லாம் இல்லம்மா. சத்தியமா இல்ல."

எமரன்சியின் நாக்கு நுனிக்குக் கேள்விகள் வந்துவிட்டன. பிறகு எதற்குடி கிழித்தாய், யார் என்ன சொன்னார்கள், எதை மறைக்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றாள்.

ஜோவிட்டா தாழ்ப்பாளை எடுத்துக் கதவின் உள்பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"ஆடுது. உள்ள வந்து கதவைப் பிடி."

எமரன்சி உள்ளே வந்து பிடித்தாள்.

முதல் திருகாணி ஏறியது. ஜோவிட்டா அம்மாவைப் பார்க்கவில்லை. திருகாணியிடம்தான் பேசினாள்.

"அது உன் பழைய வெள்ளைப் புடவை. கட்டிக்கறதுக்குக் கிழிச்சேன்."

எமரன்சி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சைச் சுத்தி. இறுக்கமா. தட்டையாத் தெரியணும்னு."

இரண்டாவது திருகாணி.

"நீதான சொன்னே. எல்லாம் தெரியுதுன்னு. பஸ்ல அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி. அன்னைல இருந்து பசங்களும் அதையே சொல்றாங்க. ஏறும்போது, இறங்கும்போது."

மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தாள் எமரன்சி. அதைச் சொன்னால் இந்தப் பேச்சு தன்னைப் பற்றியதாகிவிடும். விழுங்கிக்கொண்டாள்.

"இதுக்கு முன்னால துப்பட்டாவைக் கட்டிட்டு ஓடிப் பார்த்தேன், முடியல. மூச்சு முட்டுது. அதான் பேர் குடுக்கல."

மூன்றாவது திருகாணி பாதியில் நின்றது.

"அப்புறம்..."

காத்திருந்தாள் எமரன்சி.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வளரலம்மா. அது நோயா?"

இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். பதின்மூன்று வயதிலேயே தெரிந்திருக்க வேண்டிய பதில்.

"நோயில்ல. எனக்கும் அப்படித்தான் வளர்ந்துச்சு."

ஜோவிட்டா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ யார்கிட்ட கேட்டே?"

"யார்கிட்டயும் கேக்கல. நாலு வருஷம், இதோ சாகப்போறேன் இதோ சாகப்போறேன்னு இருந்தேன்."

"நாலு வருஷமா!"

"ரெண்டு தடவை ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன்."

"எதுக்கு?"

"அது எந்தப் பாவத்துக்கு வந்துச்சுன்னு தெரியாததால, எல்லாப் பாவத்தையும் சொல்லி வச்சேன்."

ஜோவிட்டாவுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதம்மா. குத்துது."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போவோம். நீ உள்ள போய் என்ன கேக்கணுமோ கேளு. நான் வெளியே உக்காந்திருக்கேன். ஓடறதுக்குப் போடற மாதிரி உள்சட்டை கடையில கிடைக்குது, அதையும் நீயே பார்த்து எடு. காலையில தெருவாசல் வரைக்கும் இனி நான் வரமாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

மூன்றாவது ஏறியது. நாலாவதும் ஏறியது. ஜோவிட்டா தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

எமரன்சி திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

"சரி. சாத்திக்கோ. அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுட்டுக் கொஞ்சம் மூச்சு விடு. நான் வெளியே இருக்கேன்."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"எங்க போறே?"

"வெளியே."

"முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும்மா. காலையில இருந்து இறுகிக் கிடக்கு. எனக்கு எட்டல."

எமரன்சி அப்படியே நின்றாள்.

ஜோவிட்டா அவள் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.